டயாலிசிஸ் பை கலங்கினால் என்ன அர்த்தம்? கிருமிகளை விழுங்கும் செல்களைக் கண்டுபிடித்த மெச்னிகோவின் கதை

வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. வயிற்றிலிருந்து வெளியே வந்த திரவம் இருக்கும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். பைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் பிரச்னை இல்லை. கலங்கலாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அந்தக் கலங்கலைப் பார்த்ததும் அது கிருமிக் கூட்டம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் திரவத்தைக் கலங்க வைப்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்கள். கிருமி உள்ளே நுழைந்த செய்தி கேட்டு, அதை விழுங்குவதற்காக ரத்தத்திலிருந்து படையெடுத்து வந்தவை.

வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும் என்பது இன்று பள்ளிக்கூடப் பாடம். 140 வருடங்களுக்கு முன்பு இதைச் சொன்னவரை ஐரோப்பாவின் பெரிய பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. அவர் டாக்டர்கூட இல்லை, ஒரு விலங்கியல் பேராசிரியர். இரண்டு முறை வாழ்க்கையே வேண்டாம் என்று முடிவெடுத்து, பிழைத்து வந்தவர். பெயர் இலியா மெச்னிகோவ்.

யார் இந்த மெச்னிகோவ்?

1845 மே மாதம், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசின் பகுதி. அப்பா ராணுவ அதிகாரி, அம்மா யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

படிப்பில் அசுர வேகம். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் 4 வருடப் படிப்பை 2 வருடத்தில் முடித்தார். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றி, கடல்வாழ் சிறு உயிரினங்களின் கரு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார். 20 வயதில் ஒரு தட்டைப்புழுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். அந்தப் புழுவின் செல்கள் உணவுத் துணுக்கை அப்படியே உள்ளே இழுத்து, செல்லுக்குள்ளேயே ஜீரணித்துக்கொண்டன. அன்றைக்கு இது ஒரு சின்ன விலங்கியல் குறிப்பு மட்டும்தான். இதன் முழு அர்த்தம் அவருக்கே 17 வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

1870இல் ஒடேசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனபோது அவருக்கு வயது 25.

இழப்பும் இருட்டும்

வேலையில் எல்லாம் நன்றாகப் போனது. வீட்டில் நிலைமை தலைகீழ். 1869இல் லுட்மிலா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அவருக்குக் காசநோய். திருமணத்தன்று நடக்கவே முடியாமல், நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குள் தூக்கிப்போக வேண்டியிருந்தது.

காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. அதை உண்டாக்கும் கிருமியே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல காற்றுள்ள ஊருக்குக் கூட்டிப்போனால் தேறிவிடுவார் என்ற நம்பிக்கையில், இருந்த பணத்தையெல்லாம் செலவழித்து ஊர் ஊராக அழைத்துப் போனார் மெச்னிகோவ். கடைசியாகப் போன இடம் அட்லாண்டிக் கடலில் இருக்கும் மடெய்ரா தீவு. 1873இல் லுட்மிலா அங்கேயே இறந்துபோனார்.

மெச்னிகோவுக்குக் கண்ணிலும் கோளாறு இருந்தது. மைக்ராஸ்கோப்பைப் பார்த்தே பிழைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அடி? மனைவியும் இல்லை, வேலையும் போய்விடும்போல. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதன் பிறகும் அந்த எண்ணம் விட்டுப் போகவில்லை. அந்த நாட்களில் ஒரு மாலை, ஜெனீவாவில் ஒரு பாலத்தில், விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்தாராம். சில மணி நேரமே வாழ்ந்து, சாப்பிடக்கூடச் செய்யாமல் செத்துப்போகும் இந்தப் பூச்சிகள் மேல் டார்வினின் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும் என்று யோசிக்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வி அவரை மறுபடி ஆராய்ச்சிக்கு இழுத்துவிட்டது என்று பின்னாளில் அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அதை எழுதியவர் அவருடைய இரண்டாவது மனைவி ஓல்கா. இருவரும் 1875இல் திருமணம் செய்துகொண்டார்கள். 5 வருடம் கழித்து ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு வந்தது. அவர் பிழைத்துவிட்டார். ஆனா மெச்னிகோவின் மனம் மறுபடி உடைந்தது. 1881இல் மீள்காய்ச்சல் நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். செத்தாலும் பரவாயில்லை, இந்த நோய் ரத்தம் வழியாகப் பரவுமா என்பதாவது தெரியட்டும் என்ற மனநிலை அது. நோய் வந்தது, மிக மோசமாகப் படுத்துவிட்டார். மீண்டு எழுந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க உயிர் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தவர் அவர்.

சிசிலியில் ஒரு ரோஜா முள்

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகங்களில் அரசாங்கத்தின் பிடி இறுகியது, அரசியல் சண்டை முற்றியது. வெறுத்துப்போன மெச்னிகோவ் 1882இல் வேலையை ராஜினாமா செய்தார். ஓல்கா, அவருடைய தம்பி தங்கைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினாவுக்குப் போனார்.

அன்று குழந்தைகள் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போயிருந்தார்கள். மெச்னிகோவ் மட்டும் வீட்டில் தனியாக, மைக்ராஸ்கோப்போடு. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் லார்வா. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு. அதற்குள் சில செல்கள் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தன.

உணவை விழுங்கும் செல்களை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். இப்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. இதே செல்கள், உடம்புக்குள் நுழையும் எதிரியையும் இப்படித்தான் விழுங்குமோ? அப்படியென்றால் லார்வாவுக்குள் ஒரு முள்ளைக் குத்தினால், செல்கள் அதைச் சுற்றி வளைக்க வேண்டும்.

தோட்டத்து ரோஜாச் செடியில் இருந்து சில முட்களை எடுத்து லார்வாவின் தோலுக்கு அடியில் செருகினார். ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக் கிடந்தன.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். நட்சத்திர மீன் லார்வாவுக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பு மண்டலமும் நம்முடையது மாதிரி கிடையாது. ஆகவே, அந்த செல்கள் தாங்களாகவே எதிரியைத் தேடி வந்திருக்க வேண்டும். காயம் பட்ட இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடுவதை அன்றைய மருத்துவர்களும் பார்த்திருந்தார்கள். ஆனா அவை கிருமியைச் சுமந்து உடம்பு முழுக்கப் பரப்புகின்றன என்றுதான் பலர் நம்பினார்கள். மெச்னிகோவ் அதை அப்படியே திருப்பிப் போட்டார். சீழ் என்பது உடம்பு தோற்றதன் அடையாளம் கிடையாது, அது உடம்பு சண்டை போட்ட களம்.

1883இல் வியன்னா வழியாகத் திரும்பும்போது, அங்கிருந்த பேராசிரியர் கார்ல் கிளாவுஸிடம் இதைச் சொன்னார். இந்த செல்களுக்கு கிரேக்க மொழியில் இருந்து 'ஃபேகோசைட்' என்ற பெயர் கிடைத்தது அப்படித்தான். விழுங்கும் செல் என்று அர்த்தம்.

நீர்த்தெள்ளின் வயிற்றில் நிஜ யுத்தம்

முள் சரி, நிஜமான நோயில் இது நடக்குமா? அடுத்த ஆதாரத்தைக் குளத்துத் தண்ணீரில் வாழும் நீர்த்தெள்ளிடம் கண்டார். இதுவும் ஒளி ஊடுருவும் உடம்புதான். ஊசி போன்ற வித்துகள் கொண்ட ஒரு பூஞ்சையை நீர்த்தெள்ளு உணவோடு சேர்த்து விழுங்கிவிடும். அந்த வித்துகள் குடலைத் துளைத்து உடல் குழிக்குள் இறங்கும். உடனே செல்கள் வந்து சூழும். செல்கள் ஜெயித்தால் நீர்த்தெள்ளு பிழைக்கும். பூஞ்சை முந்திக்கொண்டால் சாகும்.

1884இல் வெளியான இந்த ஆய்வுதான், நோய்க்கும் உடம்புக்கும் நடக்கும் போட்டியை உயிரோடு, நேரடியாகப் பார்த்து எழுதிய முதல் ஆவணங்களில் ஒன்று.

ஒடேசாவில் இருந்து பாரிஸுக்கு

1885இல் லூயி பாஸ்டரின் வெறிநாய்க்கடி தடுப்பூசி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த வருடமே ஒடேசாவில் தடுப்பூசி நிலையம் ஆரம்பித்து, மெச்னிகோவைத் தலைவர் ஆக்கினார்கள். அங்கே அவருக்கு நிம்மதி இல்லை. டாக்டர் பட்டம் இல்லாதவர் எப்படி இங்கே உட்காரலாம் என்று உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போடப்பட்ட ஆயிரக்கணக்கான ஆடுகள் இறந்துபோக, எதிர்ப்பு இன்னும் வலுத்தது.

வேறு இடம் தேடிப் புறப்பட்டார். பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் போனார். அங்கே வரவேற்பு குளிர்ச்சியாக இருந்தது. பாரிஸில் பாஸ்டர் கைகொடுத்தார். புதிதாகத் திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தில் 1888இல் சேர்ந்த மெச்னிகோவ், சாகும்வரை 28 வருடங்கள் அங்கேயே இருந்தார்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஒடேசாவில் மெச்னிகோவின் மாணவராக இருந்த வால்டெமர் ஹாஃப்கின், ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார். 1892இல் காலரா தடுப்பூசியை உருவாக்கினார். 1893இல் இந்தியா வந்து ஆயிரக்கணக்கானோருக்கு அதைப் போட்டார். பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் தடுப்பூசி கண்டுபிடித்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில் இருப்பதுதான்.

செல்லா, சீரமா?

பாரிஸில் இடம் கிடைத்தது, சண்டை ஓயவில்லை. 1890இல் எமில் பெரிங்கும் கிடாசாடோ ஷிபாசாபுரோவும் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் ரத்தத்தில் இருந்து செல்களை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள சீரத்தை மட்டும் வேறொரு விலங்குக்குக் கொடுத்தாலே பாதுகாப்பு கிடைத்தது. அப்படியென்றால் காப்பாற்றுவது ரத்தத் திரவத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள். செல்களுக்கு அங்கே என்ன வேலை?

1894இல் அடுத்த அடி விழுந்தது. ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, காலராவுக்கு எதிராகப் பழக்கப்படுத்திய கினிப் பன்றியின் வயிற்றுக் குழிக்குள் காலரா கிருமியைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிருமிகள், எந்த செல்லும் விழுங்காமலேயே, திரவத்தில் கரைந்து சிதைந்தன.

மெச்னிகோவ் சும்மா இருக்கவில்லை. ஊசி குத்தியதில் வயிற்றில் இருந்த செல்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த பொருள்தான் வெளியே கசிந்து கிருமியைக் கொன்றது என்று வாதாடினார். மாநாட்டுக்கு மாநாடு இந்தச் சண்டை தொடர்ந்தது. பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே இருந்த அரசியல் பகையும் இதில் சேர்ந்துகொண்டது.

முடிச்சை அவிழ்த்தது மெச்னிகோவின் சொந்த ஆய்வுக்கூடம்தான். அங்கே வேலை பார்த்த ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜிய இளைஞர் 1895இல் காட்டியது இது: கிருமியைக் கரைப்பது இரண்டு பொருள்களின் கூட்டு வேலை. ஒன்று சூட்டைத் தாங்கும் ஆன்டிபாடி. இன்னொன்று சூடாக்கினால் செயலிழக்கும் பொருள், இன்று இதன் பெயர் காம்ப்ளிமென்ட். இரண்டுமே சீரத்தில் இருப்பவை. தன் தலைவரின் எதிர் அணிக்கு வலு சேர்க்கும் முடிவை, தலைவரின் மேஜையிலேயே உட்கார்ந்து கண்டுபிடித்தார் போர்டே. 1919இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

1903இல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட் இரு அணிகளையும் இணைத்தார். சீரத்தில் உள்ள சில பொருள்கள் கிருமி மேல் ஒட்டிக்கொள்கின்றன, அப்படி ஒட்டிய கிருமியைத்தான் விழுங்கும் செல்கள் சுலபமாகப் பிடிக்கின்றன என்று காட்டினார். சாப்பாட்டில் மசாலா தடவி வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1908ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை, செல் அணியின் மெச்னிகோவுக்கும் சீர அணியின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். இரண்டு பேரும் சரி என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

டயாலிசிஸ் நோயாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஃபைஃபரும் மெச்னிகோவும் சண்டை போட்ட அதே வயிற்றுக் குழிதான் இன்று சிஏபிடி எனப்படும் வீட்டு டயாலிசிஸ் நடக்கும் இடம். குடலையும் வயிற்றுச் சுவரையும் மூடியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை, இங்கே வடிகட்டியாக வேலை செய்கிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகச் சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 4 முறை. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழும் இதற்கான பைகள் வீடு தேடி வருகின்றன.

சாதாரணமாக நம் வயிற்றுக் குழிக்குள் இருப்பது மிகக் கொஞ்சம் திரவம். அதில் மெச்னிகோவ் பெயர் வைத்த மேக்ரோஃபேஜ் செல்கள் எப்போதும் ரோந்து சுற்றும். கூடவே ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்டும் இருக்கும். கிருமி நுழைந்தால் மேக்ரோஃபேஜ்களும் பெரிட்டோனியத்தின் மேல்பரப்பு செல்களும் ரசாயனச் செய்தி அனுப்பும். ரத்தத்தில் இருந்து நியூட்ரோஃபில் படை கிளம்பி வரும்.

டயாலிசிஸில் இந்த ஏற்பாடு நீர்த்துப்போகிறது. கொஞ்சம் திரவத்தில் செறிவாக இருந்த ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்டும் 2 லிட்டரில் கரைகின்றன. ஒவ்வொரு முறை பையை மாற்றும்போதும் பாதுகாப்புப் பொருள்களும் விழுங்கும் செல்களும் சேர்ந்தே வெளியேறுகின்றன. புதிதாக வரும் செல்கள் இன்னும் முதிராதவை. வழக்கமான திரவத்தில் உள்ள அதிக சர்க்கரையும் அமிலத்தன்மையும் அந்த செல்களின் வேகத்தை இன்னும் குறைக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், மெச்னிகோவின் அணியும் எர்லிக்கின் அணியும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன. தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகூட, கை கழுவாமல் குழாயைத் தொட்டால் உள்ளே போய் நோயாக மாறுவது இதனால்தான்.

நோய்த்தொற்றை உறுதி செய்யும் வழியும் விழுங்கும் செல்களை எண்ணுவதுதான். வெளியே வந்த திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகையாக இருந்தால், வயிற்று உறையில் தொற்று என்று சந்தேகிப்பார்கள். வயிற்று வலி அல்லது கலங்கல், கிருமிப் பரிசோதனை முடிவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

தயிரும் தலைமுடியும்

கடைசிக் காலத்தில் மெச்னிகோவின் கவனம் முதுமை பக்கம் திரும்பியது. முதுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 'ஜெரன்டாலஜி' என்ற பெயரைத் தந்தவரும் அவர்தான். பெருங்குடலில் வாழும் கெட்ட கிருமிகளின் நஞ்சுதான் நம்மை மூப்படையச் செய்கிறது என்று நினைத்தார். பல்கேரிய கிராமங்களின் தயிரில் உள்ள கிருமி அதைக் கட்டுப்படுத்தும் என்று நம்பி, தினமும் புளித்த பால் குடித்தார். ஐரோப்பாவில் தயிர் மோகம் அப்படித்தான் பரவியது. இன்றைய புரோபயாட்டிக் விளம்பரங்களுக்கு எல்லாம் தாத்தா அவர். தயிர் முதுமையைத் தடுக்கும் என்ற அவரது நம்பிக்கை நிரூபணம் ஆகவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் சொன்னார். காப்பாற்றும் அதே விழுங்கும் செல்கள், வயதாகும்போது சொந்த உடம்பையே அரிக்கலாம். தலைமுடி நரைப்பதற்குக்கூட அவற்றைத்தான் காரணம் காட்டினார். முடி விஷயத்தில் அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை. அடிப்படைச் சந்தேகம் மட்டும் நின்றது. டயாலிசிஸ் நோயாளிகளிடமே இதைப் பார்க்கலாம். தொற்று திரும்பத் திரும்ப வந்தால், கிருமியோடு நடக்கும் சண்டையிலேயே பெரிட்டோனியம் தழும்பேறித் தடித்துவிடும். வடிகட்டும் திறன் குறையும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் செய்யும் ரத்த டயாலிசிஸுக்கு மாற வேண்டிவரும்.

மறக்கப்பட்டு, மீண்டவர்

1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஆய்வுக்கூடத்தின் இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இதய நோயோடு போராடிய மெச்னிகோவ் 1916 ஜூலை 15 அன்று 71 வயதில் பாரிஸில் காலமானார். தன் உடலைத் திறந்து குடலைப் பரிசோதிக்கும்படி முன்கூட்டியே சக மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது. ஒடேசா பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அவருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆன்டிபாடி ஆராய்ச்சிதான் கொடிகட்டிப் பறந்தது. விழுங்கும் செல்களைக் குப்பை அள்ளுபவை என்ற அளவில் ஒதுக்கி வைத்தார்கள். கிருமியை உடம்பு முதல் பார்வையிலேயே எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்வி மறுபடி எழுந்தபோது, விடையின் ஒரு பகுதி பழ ஈயிடம் கிடைத்தது. அந்த ஆராய்ச்சிக்கு 2011இல் நோபல் கொடுக்கப்பட்டது. மறுபடியும் ஒரு முதுகெலும்பில்லாத சின்னப் பிராணிதான் மனித உடம்பின் ரகசியத்தைச் சொன்னது.

இந்த அறிவு நேரடியாகச் சிகிச்சையையும் மாற்றியிருக்கிறது. செல்களை அதிகம் பாதிக்காத, அமிலத்தன்மை குறைந்த திரவங்கள் வந்துள்ளன. புதிய திரவம் உள்ளே போகும் முன் குழாயைக் கழுவிவிடும் இரட்டைப் பை முறை, தொற்றைப் பெரிய அளவில் குறைத்தது. ஆனாலும் முதல் காவல் நோயாளியின் கைகளில்தான் இருக்கிறது. பை மாற்றும் முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது, மாஸ்க் போடுவது, ஃபேனை நிறுத்துவது, ஜன்னலை மூடுவது. வயிற்றுக்குள் இருக்கும் படை ஏற்கெனவே இளைத்துப்போனது என்பதால்தான் இவ்வளவு கறார். பை கலங்கினால், வயிறு வலித்தால், காய்ச்சல் அடித்தால் பையைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேட்கலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, தேசிய மனநல உதவி எண் 14416.)